உடை தைக்கக் கற்றல்

உடை தைக்கக் கற்றல் என்பது தமக்கோ தம் வீட்டாருக்கோ வேண்டிய ஆடைகளை அளவெடுத்து, துணி வெட்டி, துண்டுகளை இணைத்து முடிக்கும் திறனை முதலிலிருந்து பழகுவதைக் குறிக்கும். தையற்கலையின் ஒரு பகுதியான இது, வீட்டுத் தேவைக்காகவும் வருவாய்க்காகவும் பயிலப்படுகிறது. தையல் இயந்திரத்தை ஓட்டப் பழகுவதே இதில் கடினமான பகுதி என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் நேராகத் தைப்பதற்குச் சில நாள் பயிற்சி போதும். உடல் வளைவுகள் உடையது, துணி தட்டையானது. தட்டையான துணியை எங்கே வெட்டி எங்கே சேர்த்தால் அது உடலில் பொருந்தும் என்பதை அறிவதற்கே அதிக காலம் பிடிக்கும்.

தவறாகத் தைத்த தையலைப் பிரித்து மீண்டும் தைக்கலாம். தவறாக வெட்டிய துணியை முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவர முடியாது. ஆகவே பிழை செய்தாலும் இழப்பு குறைவாக இருக்கும் வரிசையில் பயிற்சியை அமைத்துக்கொள்வது தொடக்கநிலையில் முதன்மையானது. முதலில் காகிதம், பிறகு மலிவான காடாத் துணி, பிறகு எளிய உள்ளாடை, இறுதியில் அளவு சரியாக அமைய வேண்டிய ரவிக்கை அல்லது சட்டை என்பது பொதுவாகப் பின்பற்றத்தக்க வரிசையாகும்.

பின்னணி

புடவை, வேட்டி போன்ற தமிழர் ஆடைகள் வெட்டாமல் தைக்காமல் உடுத்தப்படுபவை. ஒரே வேட்டியைப் பருத்தவரும் மெலிந்தவரும் கட்ட முடியும். மடிப்புகளும் சுற்றுகளும் அளவைச் சரிசெய்துவிடும். தைத்த ஆடைக்கு இந்த வசதி இல்லை. அது உருவாகும்போதே ஓர் உடலுக்கென அளவு குறிக்கப்படுகிறது.

எனினும் தையல் தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. பழந்தமிழில் தையலுக்குத் துன்னம் என்றும், துணி தைப்பவருக்குத் துன்னகாரர் என்றும் பெயர். சிலப்பதிகாரம் புகார் நகரத்தில் வாழ்ந்த தொழிலாளரைக் குறிப்பிடும்போது, துணி தைப்போரையும் தோல் தைப்போரையும் தனித்தனியே சொல்கிறது. முல்லைப்பாட்டு, பாசறையில் இருந்த யவனர் மெய்ப்பை என்னும் மேலாடையை அணிந்திருந்ததாகக் கூறுகிறது.

கையால் மட்டும் நடந்த இந்தத் தொழில் 19ஆம் நூற்றாண்டில் மாறியது. 1846இல் அமெரிக்காவைச் சேர்ந்த எலியாஸ் ஹோவ், முனையில் துளை கொண்ட ஊசியையும் இரண்டு நூல்களையும் பயன்படுத்தும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1851இல் ஐசக் சிங்கர் காப்புரிமை பெற்ற இயந்திரம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் பரவியது. 1863 முதல் எபினேசர் பட்டரிக் பல அளவுகளில் வெளியிட்ட காகித வரைபடிவங்கள், தையற்காரர் அல்லாதோரும் வீட்டில் உடை தைக்க வழிசெய்தன. இந்தியாவில் 1930களில் கொல்கத்தாவில் உஷா இயந்திரங்களின் உற்பத்தி தொடங்கியது. இயந்திரமயமாதலைக் கடுமையாக விமர்சித்த காந்தி, 1924இல் நடந்த ஓர் உரையாடலில் சிங்கர் தையல் இயந்திரத்தை விதிவிலக்காகக் குறிப்பிட்டார். மனித உழைப்பைப் பறிக்காமல் அதன் சுமையைக் குறைக்கும் கருவியாக அவர் அதைக் கண்டார்.

தேவையான பொருட்கள்

தொடக்கநிலையில் நிறையப் பொருட்கள் தேவையில்லை. கீழ்க்காண்பவை போதும்:

• அளவு நாடா (டேப்): 150 செ.மீ. நீளமுள்ளது. ஒரு பக்கம் அங்குலமும் மறுபக்கம் சென்டிமீட்டரும் இருக்கும். நாள்பட்ட நாடா இழுபட்டு நீண்டுவிடுவதால், ஆண்டுக்கொரு முறையாவது அதை ஓர் அளவுகோலோடு வைத்துச் சரிபார்க்க வேண்டும்.
• துணி வெட்டும் கத்தரிக்கோல்: காகிதம் வெட்டுவதற்கு இதைப் பயன்படுத்தக் கூடாது. காகிதம் வெட்டினால் முனை மழுங்கித் துணியைக் கடிக்கத் தொடங்கும்.
• தையல் சாக்கட்டி, நீண்ட அளவுகோல், குண்டூசிகள்.
• கைத்தையல் ஊசிகள், துணியின் நிறத்துக்கேற்ற நூல்.
• தையல் பிரிக்கும் கருவி. இது இல்லாத வீடுகளில் பிளேடு பயன்படுகிறது. பிளேடு நூலோடு துணியையும் அறுத்துவிடக் கூடுமாதலால் கவனம் தேவை.
• இஸ்திரிப் பெட்டி. இதைத் தையல் கருவியாகப் பலர் கருதுவதில்லை. ஒவ்வொரு தையலையும் போட்டவுடன் தேய்த்து அமர்த்தினால்தான் அடுத்த தையல் ஒழுங்காக வரும்.

இயந்திரத்தைப் பொறுத்தவரை, காலால் மிதிக்கும் பழைய வகையும் மின்மோட்டார் வகையும் தொடக்கநிலைக்கு ஏற்றவையே. மிதி இயந்திரத்தின் வேகம் கற்பவரின் காலில் இருப்பதால், மெதுவாகத் தைத்துப் பழக அது வசதியானது. மின் இயந்திரங்களில் வளைகோட்டுத் தையல், காஜா எடுத்தல் போன்ற வசதிகள் கூடுதலாக இருக்கும். வீட்டில் பயன்படுத்தாமல் கிடக்கும் பழைய இயந்திரத்தைத் துடைத்து, எண்ணெய் இட்டு, பெல்ட்டையும் ஊசியையும் மாற்றினால் பெரும்பாலும் அதுவே போதுமானது.

இயந்திரம் தைக்கும் முறை

இயந்திரத் தையலில் இரண்டு நூல்கள் உள்ளன. மேல்நூல் ஊசி வழியாக வருகிறது. கீழ்நூல் பாபினில் சுற்றப்பட்டு, துணிக்கு அடியில் உள்ள பாபின் கேஸில் இருக்கிறது. ஊசி துணியைத் துளைத்துக் கீழே சென்று சற்று மேலெழும்போது மேல்நூல் ஒரு சிறு வளையமாக விரிகிறது. ஷட்டிலின் கொக்கி முனை அந்த வளையத்தைப் பிடித்து, பாபினைச் சுற்றிக் கொண்டுசெல்கிறது. இவ்வாறு இரண்டு நூல்களும் துணியின் நடுவில் ஒன்றையொன்று கோத்துக்கொள்கின்றன. பிறகு அடியிலுள்ள பற்கள் துணியை ஒரு தையல் அளவு பின்னுக்குத் தள்ளுகின்றன.

இந்தச் செயல்முறையைப் புரிந்துகொண்டால் தையல் கோளாறுகளின் காரணத்தை ஊகிக்க முடியும். துணியின் அடிப்பக்கம் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால், கற்பவர் பெரும்பாலும் பாபினைக் குறை சொல்வார். அடியில் தொங்குவது மேல்நூலே ஆகும். மேல்நூல் இறுக்கத் தட்டுகளுக்கு இடையே சரியாக அமராததும், இறுக்கம் தளர்ந்திருப்பதும் இதற்குக் காரணங்கள். துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கிவைத்துவிட்டு நூலை முதலிலிருந்து கோத்தால் பெரும்பாலும் இது சரியாகிவிடும். பாதம் தூக்கியிருக்கும்போதுதான் இறுக்கத் தட்டுகள் விலகி நூலை உள்ளே விடுகின்றன. மாறாக, துணியின் மேற்பக்கத்தில் கீழ்நூல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல்நூல் மிக இறுக்கமாக உள்ளது என்று பொருள்.

ஊசியின் எண்ணையும் கவனிக்க வேண்டும். 9, 11 எண் ஊசிகள் மெல்லிய துணிக்கும், 14 நடுத்தரப் பருத்திக்கும், 16, 18 ஜீன்ஸ் போன்ற தடித்த துணிக்கும் உரியவை. உறையில் 90/14 என்று இருந்தால், 90 என்பது ஊசித் தண்டின் விட்டம் 0.9 மி.மீ. என்பதைக் குறிக்கும். வீட்டு இயந்திர ஊசியின் மேற்பகுதியில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அது எப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்பது இயந்திரத்துக்கேற்ப மாறும். எந்த இயந்திரமானாலும் நூல், தட்டைப் பக்கத்துக்கு எதிரேயுள்ள நீண்ட பள்ளத்தின் வழியாக இறங்கி, தட்டைப் பக்கமாக வெளியேறும். ஊசியைத் திருப்பி மாட்டினால் கொக்கி நூல் வளையத்தைப் பிடிக்க முடியாமல் தையல் விட்டுவிட்டு விழும்.

முதற் பயிற்சியை நூல் இல்லாமல் கோடிட்ட காகிதத்தில் செய்வது வழக்கம். ஊசித் துளைகள் கோட்டின்மீதே விழும்படி நேர்கோடு, பின்பு சதுரம், பின்பு வட்டம் என்று பழகலாம். பார்வை ஊசியின் மீது இல்லாமல், துணியின் ஓரம் செல்லும் வழியின் மீது இருக்க வேண்டும். துணியைக் கையால் இழுக்கக் கூடாது. இழுத்தால் ஊசி வளைந்து தகட்டில் மோதி உடையும். கைச்சக்கரத்தை எப்போதும் தன்பக்கமாகவே சுழற்ற வேண்டும். நூல் கோக்கும்போது மிதிபலகையிலிருந்து காலை எடுத்துவிடுவது விரலைக் காக்கும்.

துணியின் இயல்பு

நெய்த துணியில் நீளவாக்கில் ஓடும் நூல் பாவு, குறுக்கே ஓடும் நூல் ஊடை. இரு பக்கமும் பிரியாமல் அடர்ந்திருக்கும் ஓரம் கரை. பாவு கரைக்கு இணையாக ஓடும். துணியைப் பாவின் திசையில் இழுத்தால் ஏறக்குறைய நீளாது. ஊடையின் திசையில் சிறிது நீளும். 45 பாகைச் சாய்வில் இழுத்தால் நன்றாக நீளும். இந்தச் சாய்வு திசையைத் தையற்காரர்கள் கிராஸ் என்பர்.

உடைத் துண்டுகளின் நீளம் பொதுவாகப் பாவின் திசையில் அமைய வேண்டும். சிறிது துணியை மிச்சப்படுத்துவதற்காகத் துண்டைச் சாய்த்து வெட்டினால், தைத்த நாளில் குறை தெரியாது. இரண்டு மூன்று முறை துவைத்த பின் பக்கத் தையல் முன்புறமாகத் திரும்பும். கழுத்து, கைக்குழி போன்ற வளைவுகளில் ஓரம் மடிக்க நேரான துண்டு பயன்படாது. அங்கே கிராஸாக வெட்டிய பட்டிதான் வளைந்து கொடுக்கும்.

பருத்தித் துணி முதல் நனைப்பில் சுருங்கும். 100 செ.மீ. நீளத்தில் 4 சதவீதம் சுருங்கினாலும் உடை 4 செ.மீ. குட்டையாகிவிடும். எனவே வெட்டுவதற்கு முன்பே துணியை நனைத்து, உலர்த்தி, தேய்த்துக்கொள்ள வேண்டும். ரவிக்கையின் உள்ளே வைக்கும் லைனிங் துணிக்கு இது இன்னும் அவசியம். மேல்துணி அப்படியே இருக்க லைனிங் மட்டும் சுருங்கினால் ரவிக்கை முழுவதும் சுருக்கம் விழும்.

தொடக்கநிலைக்குக் காடா, பாப்ளின், கேம்பிரிக் போன்ற வழுக்காத பருத்தித் துணிகள் ஏற்றவை. பட்டு, ஜார்ஜெட், சாட்டின் ஆகியவை வெட்டும்போதே நழுவும். திருப்பூரில் பெருமளவில் உற்பத்தியாகும் பனியன் துணி பின்னல் வகையைச் சேர்ந்தது. அது இழுபடும்போது சாதாரண நேர்த்தையல் நூல் அறுந்துவிடும். அதற்கு மழுங்கிய முனை கொண்ட ஊசியும் ஓவர்லாக் போன்ற இழுபடும் தையலும் வேண்டும் என்பதால் அதைப் பிறகு கற்பதே நல்லது.

அளவெடுத்தல்

தையற்கடையில் அளவு ரவிக்கை கொடுத்துத் தைக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் பரவலாக உள்ளது. நன்றாகப் பொருந்தும் ஒரு பழைய உடையைப் பார்த்து அளவு எடுப்பது கற்பவருக்கும் எளிய வழி. ஆயினும் பலமுறை துவைத்த உடை இழுபட்டோ சுருங்கியோ இருக்கும். அணிபவரின் உடலும் மாறியிருக்கலாம். ஆதலால் உடலிலிருந்தும் அளவெடுத்து இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

மேலாடைக்குத் தோள் அகலம், மார்புச் சுற்றளவு, இடுப்புச் சுற்றளவு, கைக்குழி, கை நீளம், கைச் சுற்றளவு, முன்கழுத்து மற்றும் பின்கழுத்து ஆழம், உடை நீளம் ஆகியவை தேவை. கீழாடைக்கு இடுப்பு, இடுப்புக்குக் கீழே உடல் மிகவும் அகன்றிருக்கும் இடத்தின் சுற்றளவு, நீளம் ஆகியவை போதும். தன் உடலைத் தானே அளந்தால் குனியும்போதும் கை தூக்கும்போதும் அளவு மாறிவிடும். மற்றொருவர் அளப்பதே சரி. மூச்சை இழுத்துப் பிடிக்காமல் இயல்பாக நிற்க வேண்டும். தான் விரும்பும் அளவு அன்றி இருக்கும் அளவையே எழுதவேண்டும்.

உடல் அளவும் உடை அளவும் ஒன்றல்ல. மூச்சு விடவும், உட்காரவும், கையை நீட்டவும் உடையில் கூடுதல் இடம் விடவேண்டும். இது தளர்வு எனப்படும். ஒட்டி அணியும் புடவை ரவிக்கைக்கு மார்புச் சுற்றளவில் 2 முதல் 5 செ.மீ. வரையும், தளர்வான குர்தாவுக்கு 8 முதல் 12 செ.மீ. வரையும் சேர்க்கலாம். இதற்கு மேல், ஒவ்வொரு ஓரத்திலும் தையலுக்காக 1.5 செ.மீ. அளவு விடவேண்டும். ரவிக்கையின் பக்கத் தையலில் இதைவிட அதிகத் துணி உள்ளே விடுவது உள்ளூர்த் தையற்காரர்களின் வழக்கம். உடல் பருத்தால் பிரித்துவிட அது உதவும். சிறுமியரின் பாவாடையில் டக் மடிப்புகளைத் தைத்துவைத்து, உயரம் கூடக்கூட அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுவதும் இதே சிந்தனையில் உருவானதே.

முதல் உடை: நான்கு துண்டு உள்பாவாடை

தலையணை உறை, துணிப்பை ஆகியவற்றைத் தைத்து நேர்த்தையல் கைவந்தபின், முதல் உடையாக உள்பாவாடையைத் தைக்கலாம். இதில் சிறு பிழை வெளியே தெரியாது. நாடாவால் கட்டுவதால் இடுப்பளவு சற்று மாறினாலும் பாதகமில்லை. வெட்டு, இணைப்பு, திறப்பு, பட்டி, ஓரம் மடித்தல் ஆகிய அடிப்படைச் செயல்கள் அனைத்தும் இந்த ஒரே உடையில் வந்துவிடுகின்றன.

90 செ.மீ. அகலமுள்ள பாப்ளின் 2.25 மீட்டர் வாங்கி நனைத்து உலர்த்திக்கொள்ள வேண்டும். நனைத்தபின் நீளம் சற்றுக் குறைந்தால் அந்தக் குறைவு பட்டிக்கான துணியில் சரிசெய்யப்படும். வெட்டும் முறை வருமாறு:

1. துணியிலிருந்து 100 செ.மீ. நீளமுள்ள இரண்டு செவ்வகங்களை வெட்டவும். எஞ்சிய துணியை இடுப்புப் பட்டிக்கு வைத்துக்கொள்ளவும்.

2. ஒரு செவ்வகத்தின் மேல் விளிம்பில் இடப்பக்கக் கரையிலிருந்து 30 செ.மீ. தொலைவில் ஒரு குறியும், கீழ் விளிம்பில் அதே கரையிலிருந்து 60 செ.மீ. தொலைவில் ஒரு குறியும் இடவும். இரண்டையும் நேர்கோட்டால் இணைத்து வெட்டவும். ஒரு முனை 30 செ.மீ., மறுமுனை 60 செ.மீ. அகலமுள்ள இரு சமமான துண்டுகள் கிடைக்கும். ஒன்றைத் தலைகீழாகத் திருப்பினால் அது மற்றதைப் போலவே இருக்கும். இரண்டாம் செவ்வகத்தையும் இதே பக்கத்திலிருந்து குறியிட்டு வெட்டினால் ஒரே மாதிரியான நான்கு துண்டுகள் வந்துவிடும்.

3. குறுகிய முனைகள் மேலே இருக்குமாறு துண்டுகளை வரிசையாக அடுக்கவும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு பக்கம் நேரான கரையும் மறுபக்கம் சாய்வான வெட்டோரமும் இருக்கும். ஒன்றின் சாய்வோரத்தை அடுத்ததன் கரையோடு சேர்த்துத் தைக்கவும். சாய்வோரம் இழுபடும் தன்மை உடையது. இழுபடாத கரை அதைத் தாங்கிப் பிடிக்கும். இரண்டு சாய்வோரங்களைச் சேர்த்தால் அந்தத் தையல் நாளடைவில் தொங்கிவிடும்.

4. இடுப்பிலிருந்து கீழ்நோக்கித் தைக்கவும். சாய்வோரம் கரையைவிடச் சுமார் 4.4 செ.மீ. நீளமாக இருப்பதால் அடியில் மிஞ்சும். அதை இழுத்துச் சமன் செய்யாமல் விட்டுவிட்டு, எல்லாத் துண்டுகளையும் இணைத்தபின் அடி விளிம்பை மென்மையான வளைவாக நறுக்க வேண்டும்.

5. கடைசி இணைப்பின் மேற்பகுதியில் 15 செ.மீ. தைக்காமல் திறப்பு விட்டு, அதன் ஓரங்களை உள்ளே மடித்துத் தைக்கவும்.

6. எஞ்சிய துணியிலிருந்து 10 செ.மீ. அகலப் பட்டிகள் இரண்டு வெட்டி, ஒன்றாக இணைத்து, இடுப்பளவுக்கு நறுக்கி மேல் விளிம்பில் வைத்துத் தைக்கவும். பட்டியை மடித்துத் தைத்தபின் நாடா செல்லச் சுமார் 3.5 செ.மீ. அகல வழி கிடைக்கும். பட்டியின் இரு முனைகளும் திறப்பில் முடிய வேண்டும்.

7. அடி விளிம்பை முதலில் 1 செ.மீ., பிறகு 2 செ.மீ. மடித்துத் தைக்கவும்.

நான்கு துண்டுகளின் மேல் அகலம் 120 செ.மீ. நான்கு இணைப்புகளிலும் பக்கத்துக்கு 1.5 செ.மீ. வீதம் 12 செ.மீ. தையலுக்குள் போகும். ஆகவே இடுப்பில் 108 செ.மீ. சுற்றளவும் அடியில் 228 செ.மீ. சுற்றளவும் உள்ள பாவாடை கிடைக்கும். அதிகச் சுற்றளவு வேண்டுவோர் அகலமான துணியை எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கைக் கற்பவரே போட்டுப் பார்ப்பது முக்கியம். எந்த அளவு எங்கே குறைகிறது என்பதை ஒருமுறை கணக்கிட்டுவிட்டால், பிற உடைகளின் வரைபடிவமும் புரியத் தொடங்கும்.

தட்டைத் துணியும் வளைந்த உடலும்

ரவிக்கையில்தான் தையலின் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. வட்டமான ஒரு காகிதத்தின் விளிம்பிலிருந்து மையம் வரை ஆப்பு வடிவத் துண்டை வெட்டியெடுத்து, வெட்டிய ஓரங்களை ஒட்டினால் காகிதம் கூம்பாக எழும். ரவிக்கையில் டாட் பிடிப்பது இதே செயல்தான். துணியை ஆப்பு வடிவில் மடித்துத் தைக்கும்போது, தட்டையான துணியில் மார்புக்கு வேண்டிய குழிவு உண்டாகிறது. டாட்டின் நுனி மார்பின் முனையை நோக்கி இருக்க வேண்டும். ஆனால் அதற்கு 2 செ.மீ. அளவு முன்னதாகவே முடிந்துவிட வேண்டும். நுனியில் தையலைச் சரிவாக இறக்கி, நூலை முடிச்சிட்டு விடாவிட்டால் அங்கே கூம்பு போல் துருத்தி நிற்கும். நான்கு டாட், கட்டோரி, பிரின்சஸ் கட் என வழங்கும் ரவிக்கை வகைகளிடையே உள்ள அடிப்படை வேறுபாடு, இந்தக் குழிவை எந்தத் தையலில் உருவாக்குகிறார்கள் என்பதே ஆகும்.

கைக்குழியிலும் இத்தகைய நுட்பம் உண்டு. கைகள் முன்புறமே அதிகம் நகர்வதால் கைக்குழியின் முன்பகுதி பின்பகுதியைவிட ஆழமாக வெட்டப்படுகிறது. கையின் மேல்வளைவும் அதற்கேற்ப முன்னும் பின்னும் மாறுபடும். எனவே இடக்கை, வலக்கை இரண்டும் ஒன்றன் கண்ணாடிப் பிம்பம் போல இருக்க வேண்டும். இரண்டு கைகளையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிடுவது கற்பவர் பலரிடம் காணப்படும் பிழை. துணியை நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று நோக்க இரட்டையாக மடித்து வெட்டி, முன்பக்கத்தில் சாக்கால் குறியிட்டுக்கொண்டால் இதைத் தவிர்க்கலாம்.

முதல் ரவிக்கையை நல்ல துணியில் வெட்டாமல், காகிதத்தில் வரைந்து, காடாவில் வெட்டி, நீண்ட தையலால் தற்காலிகமாக இணைத்து அணிந்து பார்க்க வேண்டும். இழுபடும் இடத்திலிருந்து சுருக்கக் கோடுகள் கிளம்பும். மார்பின் குறுக்கே கோடுகள் தெரிந்தால் அங்கே அகலம் போதவில்லை. தோளிலிருந்து அக்குளை நோக்கித் துணி தளர்ந்து விழுந்தால் தோள் சரிவு பொருந்தவில்லை. திருத்தங்களைக் காடாவிலும் பின் காகிதத்திலும் குறித்துக்கொண்டால், அந்தக் காகிதமே அவருக்குரிய நிலையான வரைபடிவமாகிவிடும். அடுத்த ரவிக்கைகளுக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

பிழைகளும் பிரித்தலும்

தொடக்கநிலையில் அடிக்கடி நேரும் பிழைகளும் அவற்றுக்கான தீர்வுகளும் வருமாறு:

• துணியின் உட்பக்கமும் வெளிப்பக்கமும் மாறித் தைக்கப்படுதல்: வெட்டியவுடன் ஒவ்வொரு துண்டின் உட்பக்கத்திலும் சாக்கால் பெருக்கல் குறி இடவேண்டும்.
• கழுத்து எடுப்பாக வராமல் விரிந்து போதல்: கழுத்தை முதலில் தேவையைவிடச் சிறிதாக வெட்ட வேண்டும். கழுத்தைப் பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது. வெட்டிய கழுத்தை இழுக்காமல் உடனே ஒரு வரி தையல் போட்டுவிட்டால் அது விரியாது.
• வளைவுத் தையல் திருப்பியபின் சுருங்குதல்: தையலுக்கு வெளியேயுள்ள துணியில், தையலைத் தொடாமல் சிறு வெட்டுகள் இடவேண்டும்.
• தையலின் முனை பிரிதல்: தொடக்கத்திலும் முடிவிலும் சில தையல்களைப் பின்னோக்கிப் போடவேண்டும். பின்தையல் வசதி இல்லாத இயந்திரத்தில் ஊசியைத் தூக்கி, சற்றுப் பின்னே வைத்து அதே தையல்மீது மீண்டும் தைக்கலாம்.
• இரண்டு துண்டுகளில் ஒன்று நீண்டு முடிதல்: அடியிலுள்ள துணியைப் பற்கள் தள்ள, மேல்துணியைப் பாதம் தடுப்பதால் இது நேர்கிறது. குண்டூசிகளை இடைவெளிவிட்டுக் குறுக்கே குத்தி, ஊசி அருகில் வரும்போது ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும்.

பிரித்துத் தைப்பதைத் தோல்வியாகக் கருத வேண்டியதில்லை. தேர்ந்த தையற்காரரும் பிரிக்கிறார். பிரிக்கும்போது நான்கைந்து தையலுக்கு ஒன்றாக ஒரு பக்க நூலை அறுத்து, மறுபக்க நூலை உருவி எடுத்தால் துணி சேதமாகாது. பழைய உடைகளைப் பிரிப்பதும் ஒரு நல்ல பயிற்சி. கிழிந்துபோன சட்டையைத் தையல் தையலாகப் பிரித்து மேசையில் பரப்பினால், காலர் எத்தனை துண்டுகளால் ஆனது, கையின் வளைவு எப்படி வெட்டப்பட்டது, எது முதலில் தைக்கப்பட்டது என்பவை எல்லாம் தெரியவரும். கடைசியில் தைத்த தையலே முதலில் பிரிவதால், பிரிக்கும் வரிசையைத் தலைகீழாக எழுதினால் தைக்கும் வரிசை கிடைக்கும்.

கற்கும் வழிகள்

வீட்டுப் பெரியவர்களிடம் கற்பதும், தெருவிலுள்ள தையற்கடையில் காஜா எடுத்தல், கொக்கி வைத்தல், ஹெம்மிங் செய்தல் ஆகிய சிறு வேலைகளில் தொடங்கிப் படிப்படியாக வெட்டும் வேலைக்கு உயர்வதும் நெடுநாளைய முறைகள். கடைகளில் கத்தரிக்கோல் கடைசியாகவே கைக்கு வரும். வெட்டில் நேரும் பிழையே கடைக்கு இழப்பு என்பதால் இந்த ஒழுங்கு உருவானது. தொழிற்பயிற்சி நிலையங்களில் தையல் தொழில்நுட்பம் ஓராண்டுப் பாடப்பிரிவாகக் கற்பிக்கப்படுகிறது. தமிழ்நாடு அரசின் சமூக நலத் துறை, சத்தியவாணி முத்து அம்மையார் பெயரிலான திட்டத்தில் ஆதரவற்ற பெண்கள், கைம்பெண்கள், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்டோருக்கு இலவசத் தையல் இயந்திரம் வழங்குகிறது. காணொளிகள் வழியாகவும் பலர் கற்கின்றனர். காணொளியில் கைவேலையைத் தெளிவாகப் பார்க்கலாம். ஆனால் அதில் சொல்லப்படும் அளவுகள் பிறருடையவை என்பதை மறக்கக் கூடாது.

பயன்களும் வரம்புகளும்

சொந்தமாகத் தைத்தால் செலவு எப்போதும் குறையும் என்று சொல்ல முடியாது. துணி, நூல், இயந்திரம், பாழாகும் முதல் சில துண்டுகள், செலவிடும் மணிநேரம் ஆகியவற்றைக் கணக்கிட்டால், மலிவான ஆயத்த ஆடையைவிட முதல் உடை அதிக விலையாகவே முடியலாம். கூலி கொடுத்துத் தைக்க வேண்டிய ரவிக்கை, பள்ளிச் சீருடை, அளவு திருத்தம் ஆகியவற்றில் மிச்சம் விரைவில் தெரியும்.

பணத்துக்கு அப்பாலும் பயன்கள் உண்டு. ஆயத்த ஆடைகள் சில பொது அளவுகளில் மட்டுமே கிடைக்கின்றன. ஒரு தோள் இறங்கியவர், மிகக் குள்ளமானவர், கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாதவர், பாலூட்டும் தாய், அறுவைச் சிகிச்சைக்குப் பின் இறுக்கமான உடை அணியக் கூடாதவர் ஆகியோருக்கு அந்த அளவுகள் பொருந்துவதில்லை. தைக்கத் தெரிந்தவர் திறப்பை முன்புறம் வைக்கலாம், பொத்தானுக்குப் பதில் நாடா வைக்கலாம், வேண்டிய இடத்தில் பை வைக்கலாம். உடலை உடைக்குப் பொருத்த முயல்வதை விட்டு உடையை உடலுக்குப் பொருத்தும் நிலை அப்போது வருகிறது.

ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் ஒருவர் காலர் மட்டும், மற்றொருவர் கை மட்டும் என வேலை பிரிக்கப்பட்டிருக்கும். வீட்டில் கற்பவர் முழுச் சட்டையையும் தாமே முடிக்கிறார். அதில் எத்தனை தையல்கள் உள்ளன, காலரின் முனை கூர்மையாக வர எவ்வளவு நேரமாகிறது என்பது அவருக்குத் தெரியும். தையற்கூலியைப் பேரம் பேசும்போதும், மிகக் குறைந்த விலைக்குச் சட்டை விற்கும் கடையில் நிற்கும்போதும் அந்த அறிவு உடன் வரும்.

பொத்தான் அறுந்ததும், பக்கத் தையல் விட்டதும் தூக்கி எறியப்படும் உடைகளில் பல, பத்து நிமிட வேலையில் மீண்டும் அணியத்தக்கவை. முழு உடை தைக்கும் அளவுக்குக் கற்காதவரும் ஊசியில் நூல் கோத்து, ஓட்டுத் தையல், ஹெம்மிங், பொத்தான் தைத்தல் ஆகிய மூன்றையும் அறிந்திருந்தால் அன்றாடத் தேவையில் பெரும்பகுதிக்கு அது போதும். இவற்றைக் கற்க இயந்திரம் தேவையில்லை.